ஹாம்பர்க் மினியேச்சர் வுண்டர்லாண்ட்: அப்பாவுடன் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் அப்பாவை ஹாம்பர்க்கில் இருக்கும் மாதிரி ரயில் கண்காட்சிக்கு அழைத்துப் போகிறேன். போய் வந்தவர்கள் உதவுங்கள்.

அப்பா ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1:87 அளவில், அதாவது நிஜ ரயிலின் 87இல் ஒரு பங்கு அளவில், ஓடும் ரயில்களைவிட, அத்தனையையும் கணினியில் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அறையைப் பார்க்கத்தான் அவருக்கு ஆசை. அது பார்வையாளர்களுக்குத் தெரியும்படியே இருக்கிறதாம். அங்கே வேலை செய்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேச விடுவார்களா? சிறு குழுக்களாகத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டுகிறார்களே, அதில் யாராவது போயிருக்கிறீர்களா? அவருக்கு ஜெர்மன் தெரியாது, ஆங்கிலத்தில் விளக்கினால் போதும்.

இன்னொரு கவலை அவருடைய மூட்டுவலி. பழைய கிடங்குக் கட்டடம், பல தளங்கள். நடுநடுவே உட்கார இடம் கிடைக்குமா? காலையில் கூட்டம் குறைவா, மாலையிலா?

கண்காட்சியில் நிஜத் தண்ணீரில் கப்பல் போகும் ஸ்காண்டிநேவியா பகுதி, 2011இல் திறந்த குட்டி விமான நிலையம், இந்த இரண்டையும் அவர் நிதானமாகப் பார்க்க வேண்டும். அரை நாள் போதுமா?

அப்புறம், அங்கே 15 நிமிடத்தில் ஒரு பகலும் இரவும் வந்து போகும். அந்த இருட்டில் செல்போனில் நல்ல படம் எடுத்தவர்கள் எப்படி எடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.