ஃபியூரி ரோட் வார் ரிக், 1:24 மாதிரி: அளவு, துரு, பூத்துப்போகும் பெயின்ட் பற்றி உதவி வேணும்

ஹட்டன் வீ-எட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' படத்துல நாயகி ஃபியூரியோசா ஓட்டுற வார் ரிக்கை, அதான் அந்தப் பெரிய டாங்கி லொறிய, 1:24 அளவுல (நிஜத்துல 24 இல ஒரு பங்கு) செய்றோம். ஏப்ரல் சீசனுக்கு முன்னாடி தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைக் கண்காட்சியில வைக்கணும். கடையில விக்கிற கிட் இல்ல. எஸ்லோன் பைப் (பிவிசி குழாய்), ரிஜிஃபோம் (வெள்ளைத் தெர்மோகோல்), அட்டை, கராஜ் குப்பை, இவ்வளவுதான் சாமான்.

மாட்டிக்கிட்ட இடங்கள்: இணையத்துல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நீளம் சொல்றாங்க, டயரும் டாங்கியும் எந்த அளவுல வெட்டுறதுன்னு தெரியல. ரிஜிஃபோம்ல செதுக்கின பொனட் மேல ஸ்ப்ரே அடிச்சா குழி குழியா கரையுது. அட்டை மேல அடிச்சா கறுப்பு பெயின்ட் காலையில சாம்பல் பூத்த மாதிரி நிக்குது. துருவுக்கு பிரவுண் பெயின்ட் அடிச்சா சொக்லட் கேக் மாதிரி இருக்கு.

இன்னொன்னு, மாதிரிக்குப் பக்கத்துல ஒரு விளக்க அட்டை வைக்கணும். குழுவுல பாதிப் பேர் 'அந்த வண்டி எல்லாம் கிராஃபிக்ஸ், எதுக்கு அட்டை' என்கிறாங்க. உறுதியான விபரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொட்டகலை ஃபிலிம் சுருள் எழுதியது:

விளக்க அட்டைக்கு மட்டும் நான் பதில் தருகிறேன்.

வண்டிகள் நிஜம். ஏறத்தாழ 150 வண்டிகளைக் கட்டி, 2012 இல் நமீபியப் பாலைவனத்தில் ஓட்டிப் படமெடுத்தார்கள். முதலில் அவுஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பகுதியில்தான் எடுப்பதாக இருந்தது. அங்கே மழை கொட்டி, செம்மண் நிலம் பூவும் புல்லுமாகிவிட்டதால் இடம் மாறியது. படம் வெளியானது 2015 மே மாதம். அடுத்த ஆண்டு 6 ஒஸ்கார் வாங்கியது. அதில் தயாரிப்பு வடிவமைப்புக்கான விருது கொலின் கிப்சனுக்கும் லிசா தொம்சனுக்கும். வண்டிகளின் சூத்திரதாரி கிப்சன்தான். அவர் பெயர் அட்டையில் கட்டாயம் வர வேண்டும்.

கிராஃபிக்ஸ் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். மணற்புயல், ஃபியூரியோசாவின் வெட்டுண்ட கை, வில்லனின் கோட்டையான சிட்டடெல் மலையின் பெரும்பகுதி, ஆட்களைக் கட்டியிருந்த கம்பிகளை அழித்தது, வானத்தின் நிறம் என்று நிறையவே உண்டு. 'வண்டியும் மோதலும் நிஜம், வானமும் புயலும் கணினி' என்று எழுதினால் இரு தரப்பும் வாயை மூடும்.

வார் ரிக் என்பது செக் நாட்டு டட்ரா லொறியையும் பழைய செவர்லே ஃப்ளீட்மாஸ்டர் காரின் உடம்பையும் ஒட்டவைத்தது. பின்னால் காவல் கூண்டாக நிற்பது ஃபோக்ஸ்வாகன் பீட்டில். வில்லனின் வண்டியான கிகாஹோர்ஸ், இரண்டு 1959 கடிலாக்குகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியது. கிட்டார்க்காரன் தொங்கும் டூஃப் வேகன் ஒரு 8x8 மான் இராணுவ லொறி. அந்தக் கிட்டாரிலிருந்து வந்த நெருப்பும் நிஜ நெருப்பு. (மாதிரியில் நெருப்பு வேண்டாம், செம்மஞ்சள் எல்இடி போதும். ரிஜிஃபோம் எப்படி எரியும் என்று சொல்லத் தேவையில்லை.)

ஒரு தகவலை மட்டும் விட்டுவிடாதீர்கள். வார் ரிக் என்பது நம் பாஷையில் ஒரு பவுசர், எரிபொருள் கொண்டுவரும் டாங்கி லொறி. கதையே பவுசருக்குப் பின்னால் துரத்துவதுதான். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெட்ரோல் ஷெட்டுக்குள் பவுசர் நுழைந்ததும் கியூவில் நின்ற சனத்தின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்கவே வேண்டாம்.

தலவாக்கலை கராஜ் எழுதியது:

தம்பி, நீளத்தை விடுங்க. படத்த நிறுத்தி, பக்கவாட்டுல தெரியிற காட்சி ஒண்ண எடுத்து, டயர் விட்டத்த ஒரு அலகா வச்சு மத்ததெல்லாம் எண்ணுங்க. 'கேபின் இத்தனை டயர், டாங்கி இத்தனை டயர்'ன்னு எழுதிக்கிட்டா எந்த இணையக் கணக்கும் வேணாம். காட்சி சரிவா இருந்தா பின்பக்கம் சுருங்கித் தெரியும், அதனால முன்னும் பின்னும் டயர் ஒரே அளவுல தெரியிற காட்சியாப் பாத்து எடுங்க.

பெரிய லொறி டயர் 1.1 மீற்றர்னு வச்சா 1:24 இல 46 மி.மீ. வருது. 5 லீற்றர் தண்ணி போத்தல் மூடி கிட்டத்தட்ட அதே அளவு, ஓரத்துல பல்லும் இருக்கு, டயர் பூ மாதிரியே தெரியும். ஆழம் கூட, அதனால 13 மி.மீ. விட்டு வெட்டுங்க. மொத்தம் 18 வேணும், ரெண்டு உடையும், 20 சேருங்க. டாங்கிக்கு 90 மி.மீ. பைப் வெட்டினா நிஜத்துல 2.16 மீற்றர், பவுசருக்கு ஒத்துப் போகும். ஆள் பொம்மை 73 மி.மீ. உயரம். மொதல்ல அந்த ஆளச் செஞ்சு பக்கத்துல நிறுத்துங்க, தப்பெல்லாம் தானாத் தெரியும்.

படத்துல பள்ளத்தாக்குல மோட்டார்சைக்கிள்காரங்களுக்கு ஃபியூரியோசா 3000 கலன் பெட்ரோல் தாறதாச் சொல்லுவா இல்லையா? பிரித்தானியக் கலன் கணக்குல அது 13,600 லீற்றர் சொச்சம். நம்ம 13,200 லீற்றர் பவுசர் ஒண்ணு மாதிரி. 1:24 இல கொள்ளளவு 24 தரம் 24 தரம் 24, அதாவது 13,824 ஆல பிரியும். ஆக, பின்னால இழுக்கிற எரிபொருள் டாங்கி கிட்டத்தட்ட 1 லீற்றர் பிடிக்கணும். தண்ணி ஊத்திப் பாத்தா அளவு சரியா தப்பான்னு தெரிஞ்சிடும்.

எஞ்சின் பத்தி யாரும் கேக்கல, இருந்தாலும் அட்டையில தப்பு வராம இருக்கச் சொல்றேன். கதைப்படி ரிக்குக்கு இரட்டை வீ8, மேல புளோவர், அதாவது எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளுற கருவி. அடியில இருக்கிற டட்ராவுக்கு உண்மையில காத்துல குளிர்ற டீசல் எஞ்சின். ரேடியேட்டரும் இல்ல, தண்ணியும் இல்ல, பாலைவனத்துக்கு அதவிடத் தோதானது கிடையாது. அடிச்சட்டமான சசியும் நம்ம லொறி மாதிரி ஏணிச் சட்டம் இல்ல. நடுவுல ஒரு தடிச்ச குழாய், அதுலருந்து ரெண்டு பக்கமும் அரை அச்சு தனித்தனியா ஆடும். அதனாலதான் மணல் மேட்டுல ஏறும்போது சக்கரம் உள்பக்கமாச் சாஞ்சு நிக்கிது. மாதிரியில ரெண்டு பின்சக்கரத்தையாவது 5 பாகை சாய்ச்சு ஒட்டினா, தெரிஞ்சவன் பாத்து ரசிச்சுச் சிரிப்பான்.

நக்ஸ்ங்கிற பையன் பொனட் மேல படுத்துக்கிட்டு வாயில பெட்ரோல் வச்சு புளோவருக்குள்ள துப்புற காட்சி எல்லாருக்கும் பிடிக்கும். பெட்ரோல் எஞ்சின்ல, எரிபொருள் குறைஞ்சு காத்து கூடின நேரத்துல மட்டும் அதுக்குக் கொஞ்சம் பலன் இருக்கும். கூடினா பிளக் நனைஞ்சு மிஸ் அடிக்கும். அடியில இருக்கிற டீசல்ல துப்பினா தட்டற சத்தம் கேட்டு டிரைவரே குதிச்சிடுவான். 1979 இல வந்த முதல் 'மேட் மேக்ஸ்' படத்துல மேக்ஸ் பட்டன இழுத்ததும் புளோவர் சுத்த ஆரம்பிக்குமே, அதுவும் நடிப்புத்தான். அந்த வகை புளோவர் வழியாத்தான் எஞ்சின் மூச்சே விடுது. நிறுத்தினா மூக்க அடைச்ச மாதிரி.

நம்ம பக்கம் ஓடுமான்னு ரசிகர்கள் கேப்பாங்க, கேட்டா இதச் சொல்லுங்க. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், காத்தோட அடர்த்தி கடல்மட்டத்தவிட ஆறுல ஒரு பங்கு கம்மி. புளோவர் இல்லாத எஞ்சின் அந்தளவு வலுவ இழக்கும். கொழும்புல ட்யூன் பண்ணின கார்புரேட்டர் வண்டி நுவரெலியாவுல நடக்கிற மஹகஸ்தோட்டை ஹில் கிளைம்ப் பந்தயத்துக்கு வந்தா எரிபொருள் கூடிக் கறும்புகை விடுது, சின்ன ஜெட் மாத்தணும். ஆனா ரிக்குக்கு வலு பிரச்சினையில்ல, வளைவுதான். இறம்பொடை கொண்டை ஊசியில முன்சக்கரம் திரும்பி முடியும்போது பின்டாங்கி வளைவ வெட்டி உள்பக்க மதில்ல ஏறும். டாங்கி பாதி நிரம்பி இருந்தா இன்னும் மோசம், உள்ள தண்ணி ஒரு பக்கமா அடிச்சு வண்டியக் கவுக்கும். எறக்கத்துல எஞ்சின் பிரேக்கிங் இல்லாம ட்ரம் பிரேக்க மட்டும் மிதிச்சா நாலு வளைவுக்குள்ள மணக்க ஆரம்பிச்சிடும்.

பண்டாரவளை பிரஷ் எழுதியது:

பெயின்ட், துரு இரண்டுக்கும்.

கரைவதற்குக் காரணம் ஸ்ப்ரேயில் உள்ள தினர். ரிஜிஃபோமுக்கு அது சீனிக்கு வெந்நீர் மாதிரி. கார் புட்டியும் ஃபைபர் ரெசினும் அதே வேலையைத்தான் செய்யும், அவற்றை நேரே பூச வேண்டாம். பைண்டர் கம் (மரம் ஒட்டும் வெள்ளைப் பசை) மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, டிஷ்யூ தாள் துண்டுகளை மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ஒவ்வோர் அடுக்கும் பால் நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் அடுத்தது. இரவில் குளிரில் காயவிடாதீர்கள். 10 பாகைக்குக் கீழே போனால் பைண்டர் கம் ஒட்டாமல் சுண்ணாம்புப் பொடியாக உதிரும். காய்ந்த பின் புட்டி, சேண்ட்பேப்பர் 240, பிறகு 400. மூலைகளில் ஊசித்துளை அளவு விட்டாலும் தினர் உள்ளே போய்க் குடைந்துவிடும், ஆகவே முதல் இரண்டு பூச்சு தண்ணீரில் கரையும் எமல்ஷனாக இருக்கட்டும்.

சாம்பல் பூப்பது மூடுபனியின் வேலை. தினர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பெயின்டுக்குள் சிக்குகிறது. காலை 10 முதல் பிற்பகல் 2 வரை, மூடுபனி இல்லாத நாளில் அடியுங்கள். டின்னை 10 நிமிடம் கை பொறுக்கும் வெந்நீரில் வையுங்கள்; அடுப்பில் வேண்டாம், வெடிக்கும். 25 செ.மீ. தள்ளி மெல்லிய பூச்சு நான்கு, இடையில் 15 நிமிடம். ஏற்கெனவே பூத்துப்போனதைச் சுரண்ட வேண்டாம். வெயில் நாளில் அதே பெயின்டை இலேசாக மேலே தூவினால் பழைய படை இளகி ஈரம் வெளியேறும், பெரும்பாலும் கறுப்பு திரும்பும்.

இனி துரு. முதலில் ஒரு மறுப்பு: வார் ரிக் துருப்பிடித்த வண்டி இல்லை. எண்ணெய் ஊறிய கறுப்பு, அதன் மேல் தூசி. அந்த உலகத்தில் வண்டி சாமி. சாமியைத் துருப்பிடிக்க விடுவார்களா? நாயகன் மேக்ஸின் கறுப்புக் காரை வில்லன் ஆட்கள் பிடித்ததும் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பாக மினுக்குகிறார்களே, அதைக் கவனியுங்கள். ஆகவே துரு டாங்கியின் அடிப்பகுதி, வெல்டிங் வரி, முன் கலப்பை, புகைக்குழாய் ஆகிய இடங்களில் மட்டும். உடம்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கைவிடப்பட்ட வண்டி ஆகிவிடும்.

அந்த இடங்களுக்கு நிஜத் துருவே போடலாம். கராஜில் அரத்தூள் அல்லது கடைசல் தூள் ஒரு தேக்கரண்டி கேளுங்கள். காந்தத்தில் ஒட்டாதது அலுமினியம் போன்றது, வேண்டாம். தூளில் எண்ணெய் இருந்தால் துரு பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவையுங்கள். பைண்டர் கம்மை மெல்லிதாகப் பூசி, ஈரம் இருக்கும்போதே தூளைத் தூவுங்கள். கம்மோடு குழைத்துப் பூசினால் ஒவ்வொரு துகளையும் கம் மூடிவிடும், துரு வராது. பலரும் தவறுவது இங்கேதான்.

மறுநாள், 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் 100 மி.லீ., வினாகிரி 12 மி.லீ., உப்பு மூன்றில் ஒரு தேக்கரண்டி. பார்மசியில் 6 சதவீதம் தந்தால் சம அளவு தண்ணீர் சேருங்கள். வெளியில் வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டு, பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள். நுரைக்கும், ஒரு மணி நேரத்தில் செம்மஞ்சள் ஏறும். மிச்சத்தைப் போத்தலில் மூடி வைக்க வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டிவிடுங்கள். காய்ந்ததும் ஈரத் துணியால் ஒற்றி உப்பை எடுத்தே ஆக வேண்டும். உப்பு தங்கினால் நம் காலநிலையில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வார்னிஷ் அடித்த பிறகும் துரு கசிந்து வழியும்.

கடைசியாகத் தேத்தண்ணி. டஸ்ட் தேயிலை இரண்டு தேக்கரண்டியை 100 மி.லீ. தண்ணீரில் பாதியாக வற்றும்வரை கொதிக்கவைத்து, ஆறவிட்டு, துருவின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் தொடுங்கள். தேயிலைத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து சில நிமிடத்தில் நீலக்கறுப்பாகும். துருவுக்கும் கறுப்பு உடம்புக்கும் நடுவில் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு ஓரம் கிடைக்கும். எந்தக் கடையிலும் விற்காத நிறம், நமக்குத் தோட்டத்து லயத்துக்கு லயம் கிடைக்கும் சரக்கு.

தூசிக்கு நம் தோட்டத்து மண்ணை அப்படியே போடாதீர்கள், சிவப்பு கூடிவிடும். மெல்லிய துணியில் சலித்த மண் ஒரு பங்கு, டல்கம் பவுடர் மூன்று பங்கு. மேலே பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்ததும் நிறம் ஒரு படி இருளும், அதனால் வேண்டியதைவிட வெளிறலாகவே கலந்துகொள்ளுங்கள்.

லிந்துலை பின்சீட் எழுதியது:

வீடியோ எடுக்கப் போறீங்கன்னா ஒண்ணு. படத்துல வண்டி மேல நட்ட கம்பத்துல தொங்கி ஆடுற ஆட்களையும் வைக்க ஆசை வரும். சின்ன கம்பம் நிஜத்தவிட 5 மடங்கு வேகமா ஆடும் (24 இன் வர்க்கமூலம் 4.9), பொம்மைன்னு அப்பவே தெரிஞ்சிடும். போனை நொடிக்கு 120 ஃபிரேம்ல வச்சு எடுத்து, 24 இல ஓடவிடுங்க. அடியில கட்டுற நட்டு எடைய மேலயும் கீழயும் நகர்த்தி, கம்பம் கிட்டத்தட்ட சமநிலையில நிக்கிற மாதிரி பண்ணினா ஆட்டம் இன்னும் மெதுவாகும்.

2024 இல வந்த 'ஃபியூரியோசா' படத்துல வண்டிகளோட நிஜமான கனம் கண்ணுக்குத் தெரியலங்கிறது என் கட்சி. சண்டைக்கு வர்றவங்க தனியா ஒரு இழை தொடங்குங்க.

ஹட்டன் வீ-எட்டு எழுதியது:

கராஜ் அண்ணே, பிரஷ் அண்ணே, ரொம்ப நன்றி. பைப்ப ஏற்கெனவே 110 மி.மீ. இல வெட்டிட்டோம். அதையே வச்சுக்கலாமா?

தலவாக்கலை கராஜ் எழுதியது:

110 னா நிஜத்துல 2.64 மீற்றர். கேபினவிடத் தடிச்சுத் தெரியும், மேல நிக்கிற ஆளுங்க குட்டையாத் தெரிவாங்க. அத கண்காட்சி மேசைக்குக் காலா வச்சுட்டு, 90 இல ஒண்ணு வெட்டுங்க தம்பி.