தளம் போட 9 நாள்தான் இருக்கிறது, பாதிக்கு மேல் பணம் போய்விட்டது. வேலையை நிறுத்தலாமா?

முதல்வீடு:
எல்லோருக்கும் வணக்கம். ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாகக் கொடுக்காமல் நானே ஆள் வைத்து வீடு கட்டுகிறேன். பொருள் நான் வாங்கித் தருகிறேன், மேஸ்திரிக்குக் கூலி ஒப்பந்தம் மட்டும். வரைபடமும் கம்பி விவரமும் பொறியாளர் போட்டுக் கொடுத்தது. முக்கியமான கட்டங்களில் வந்து பார்த்துவிட்டும் போகிறார்.

இப்போது சுவர் தளமட்டம் வரை வந்துவிட்டது. அடுத்து தளம், அதாவது கான்கிரீட் கூரை. மேஸ்திரி இன்னும் 9 நாளில் கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார். எனக்குத்தான் தூக்கம் இல்லை. வைத்திருந்த பணம் 100 பங்கு என்றால் 58 போய்விட்டது, தலைக்கு மேல் கூரை இன்னும் வரவில்லை. மேஸ்திரி தளத்துக்கு முன்பாகவே அடுத்த தவணையைக் கேட்கிறார். போன தடவையும் இப்படித்தான் முன்னால் வாங்கினார். எலக்ட்ரீஷியன் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிளம்பரைக் கேட்டால் "தளம் போடுங்கள், அப்புறம் துளை போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். இதற்கு நடுவில் வீட்டில் ஒரு அறையின் சன்னலைப் பெரிதாக்க வேண்டும் என்று பேச்சு.

பின்னால் வசதி வந்தால் மாடி கட்டும் எண்ணம் உண்டு. எல்லாவற்றையும் ஒரு மாதம் நிறுத்திவிட்டு யோசிக்கலாமா? இல்லை, தளத்தை முடித்துவிட்டு யோசிக்கலாமா?

பழைய மேஸ்திரி:
தம்பி, நிறுத்தவும் வேண்டாம், 9 நாளில் அவசரமாகப் போடவும் வேண்டாம். ஒரு வாரம் தள்ளுங்கள், போதும்.

பிளம்பர் சொன்னதைக் காதில் வாங்காதீர்கள். தளம் போட்ட பிறகு துளை போடும்போது துரப்பணத்துக்குக் கம்பி எங்கே இருக்கிறது என்று தெரியாது. தளத்தைத் தாங்கும் பீமில் போட்டால் இன்னும் மோசம். மாடி வரப்போகிறது என்றால் மேல் குளியலறை எங்கே, கழிவுக் குழாய் எந்த மூலையில் இறங்கும் என்பதை இப்போதே முடிவு செய்து, அந்த இடத்தில் பெரிய குழாய்த் துண்டை நிறுத்தி வாயை அடைத்துவிட வேண்டும். குளியலறைப் பகுதியை மட்டும் தாழ்த்திப் போடுவதாக இருந்தால் கம்பி அமைப்பே மாறும். அதைப் பொறியாளர் வரைந்து தர வேண்டும், மேஸ்திரி வாயால் சொல்லக் கூடாது. நானே மேஸ்திரி வேலை பார்த்தவன்தான், அதனால்தான் சொல்கிறேன்.

எலக்ட்ரீஷியன் வராமல் தளம் போட்டால் அப்புறம் ஒவ்வொரு விளக்குக்கும் ஃபேனுக்கும் கூரையில் வெளிக்குழாய் ஓடும். அடிக்கம்பி கட்டி முடித்து, மேல்கம்பி கட்டுவதற்கு முன் அவர் இறங்க வேண்டும். ஒயர் போகும் கன்ட்யூட் குழாய் அடிக்கம்பிக்கு மேலே, மேல்கம்பிக்குக் கீழே போக வேண்டும். கான்கிரீட் ஊற்ற அடியில் அடிக்கும் தட்டின் மேலேயே படுக்கவைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அதை விடாதீர்கள். ஒரே இடத்தில் நாலைந்து குழாயைக் கட்டுப்போல் சேர்த்தும் போடக் கூடாது, அங்கே கான்கிரீட்டுக்கு இடமே இருக்காது.

சன்னல் விஷயம். சிறிதாக்குவது செங்கல் வேலை, எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். பெரிதாக்குவது லிண்டல் வேலை, அதாவது சன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டை. லிண்டல் இரண்டு பக்கமும் சுவரில் போதுமான அளவு உட்கார்ந்திருக்க வேண்டும், அகலத்தைக் கூட்டினால் அது போய்விடும். அந்த அறைக்கு வெளிச்சம் உண்மையிலேயே போதவில்லையா, இல்லை எங்கோ பார்த்த வீட்டின் ஆசையா என்று கேட்டுப் பாருங்கள்.

கணக்கு நோட்டு:
58 என்று சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. அதில் சுவராகி நிற்பது எவ்வளவு, கட்டுமிடத்தில் குவிந்து கிடக்கும் பொருள் எவ்வளவு, மேஸ்திரி கையில் முன்பணமாக இருப்பது எவ்வளவு? இந்த மூன்றையும் பிரிக்காமல் "பணம் தீர்ந்துவிட்டது" என்று பயப்படுவதும் தப்பு, பயப்படாமல் இருப்பதும் தப்பு. இன்று மாலையே உட்கார்ந்து பிரியுங்கள்.

கம்பியை எடைபோட முடியாவிட்டால் எண்ணுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளம் என்றால் ஒன்று 10.7 கிலோ. 8 மி.மீ. என்றால் 4.7 கிலோ. ரசீதில் உள்ள எடையோடு ஒத்துப் பார்க்கவும் இதுவே போதும்.

தளத்துக்கு எவ்வளவு சிமெண்ட் என்பதற்கும் யாரையும் கேட்க வேண்டாம். 100 சதுர மீட்டர், 12.5 செ.மீ. கனம் என்றால் 12.5 கன மீட்டர். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 கலவையில் ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ மூட்டை சுமார் 8. ஆக 100 மூட்டை, பீம் தனி. உங்கள் அளவைப் போட்டுப் பாருங்கள்.

சித்தப்பா:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஒரு வாரம் தள்ளுங்கள் என்கிறார் அண்ணன், சரி. ஆனால் அந்த ஒரு வாரம் ஆட்களைச் சும்மா அனுப்பினால் திரும்பி வரமாட்டார்கள். வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். என் வீட்டில் "நாலு நாள் பொறுங்கள்" என்று சொல்லி 40 நாள் காத்திருந்தேன். தட்டு வாடகை மட்டும் நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது!

தளத்தைச் சாராத வேலை ஏதாவது மிச்சம் இருக்கும். கழிவுநீர்த் தொட்டி, தரையடித் தண்ணீர்த் தொட்டி, வெளிப்படிகள். அதில் இறக்கிவிடுங்கள். முன்பணம் அதிகமாகப் போயிருந்தால் இந்த வேலையில் கழித்துக்கொள்ளலாம். சண்டையும் வராது.

முதல்வீடு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பிரித்துப் பார்த்ததில் இப்படி வருகிறது.

நிற்கிற வேலையின் மதிப்பு 45. கிடக்கிற பொருள் 9, அதில் 8 தளத்துக்கானது, 1 அளவுக்கு மேல் வாங்கிய செங்கல். மேஸ்திரியிடம் முன்பணம் 4. தளத்துக்கு மொத்தம் 12 ஆகும் என்று பொறியாளர் சொன்னார், 9 பொருளுக்கு, 3 கூலிக்கு. அப்படியென்றால் இன்னும் 1 பங்குக்குப் பொருள் வாங்கினால் தளம் முடிந்துவிடும்! கூலி ஏற்கெனவே கொடுத்த முன்பணத்திலேயே அடங்கிவிடுகிறது. அதன் பிறகும் 1 பங்கு முன்பணம் பாக்கி நிற்கும்.

தளம் முடியும்போது 57க்கு வேலை நிற்கும். நான் முதலில் போட்ட கணக்கு 52. அந்த 5 எங்கே போனது என்று தேடினால் அஸ்திவாரம். ஒரு மூலையில் தோண்டும்போது நிரப்பிய மண் வந்தது, நல்ல மண் கிடைக்கும்வரை ஆழமாகப் போனோம். 12க்குப் பதில் 17. அன்றைக்கே தெரிந்த செலவுதான். நோட்டில் எழுதவில்லை, அதனால் மனத்திலும் எழுதிக்கொள்ளவில்லை.

மேஸ்திரியிடம் எப்படிப் பேசுவது? நல்ல மனிதர். வேலையில் குறை சொல்ல முடியாது.

கணக்கு நோட்டு:
நல்ல மனிதர் என்பதால்தான் கணக்கைக் காட்டிப் பேசலாம். ஒரு தாளில் முடிந்த வேலை, பேசிய கூலி, கொடுத்த தொகை, மிச்சம் என்று எழுதி அவர் முன்னால் வையுங்கள். அவருக்கும் வாரக் கூலி கொடுக்க ஆள் இருக்கிறது, அதற்காகத்தான் கேட்டிருப்பார். இனி தவணை என்பது தேதிக்கு அல்ல, கட்டத்துக்கு என்று பேசுங்கள். கம்பியைப் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்டதும் ஒன்று, கான்கிரீட் போட்டதும் ஒன்று, தட்டுப் பிரித்ததும் ஒன்று. கடைசியில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை நிறுத்திவைத்து, எல்லாம் முடிந்த பிறகு கொடுப்பது வழக்கம். நடுவில் புதிதாகச் சொன்னால் முகம் சுளிப்பார், ஆனாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒதுக்குத் தொகை வைக்காமல் தொடங்கியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. 10 முதல் 15 பங்காவது தனியாக இருந்திருந்தால் அந்த 5 உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்காது. இப்போது புதிதாகப் பணம் வராது என்றால் தளத்துக்குப் பிறகு (செங்கல், முன்பணப் பாக்கி உட்பட) மிச்சம் உள்ள 43க்குள் எதைத் தள்ளிப்போடலாம் என்று பாருங்கள். சுற்றுச்சுவர், மர அலமாரி, வெளி வர்ணம் ஆகியவற்றைத் தள்ளலாம். நீர்க்கசிவுத் தடுப்பு, ஒயர், குழாய், இவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். சுவருக்குள் போகிற பொருளை மலிவாக வாங்கினால், மாற்றும்போது சுவரையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

பழைய மேஸ்திரி:
ஆழமாகத் தோண்டியது நல்ல செலவு தம்பி, அதற்கு வருத்தப்படாதீர்கள்.

உங்களிடம் ஒரு குறை தெரிகிறது. வேலைகளுக்கு நாள் குறித்திருக்கிறீர்கள், முடிவுகளுக்கு நாள் குறிக்கவில்லை. ஃபேன் எங்கே என்பது தளக் கம்பிக்கு முன் எடுக்க வேண்டிய முடிவு. சுவிட்ச் எங்கே, அடுப்பு மேடை எந்தப் பக்கம் என்பது பூச்சுக்கு முன். குளியலறைக் குழாய் எந்த மாதிரி என்பது சுவரைத் தட்டுவதற்கு முன், ஏனென்றால் மாதிரிக்கு மாதிரி உள்ளே புதைக்கும் பாகம் மாறும். தரைக்கல்லின் கனம் தெரியாமல் கதவு நிலையின் உயரம் வைக்க முடியாது. இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து ஒரே நாளில் பேசி முடியுங்கள். சன்னலையும் சேர்த்து. ஆட்கள் வந்து நிற்கும்போது கேட்டால் யாருக்கும் நல்ல பதில் தோன்றாது.

தளம் போடும் அன்று நீங்கள் வேறு எதையும் பார்க்க வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள். 50 கிலோ மூட்டைக்கு 22 முதல் 25 லிட்டர். கலவை கெட்டியாக இருக்கிறது, ஓடவில்லை என்று வாளி வாளியாக ஊற்றுவார்கள். மணல் ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீரும் கணக்கில் சேரும், இன்னும் குறைக்க வேண்டும். ஒரு வாளியில் கோடு போட்டு மிக்ஸர் பக்கத்தில் வையுங்கள். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஒன்றுக்கு இரண்டு இருக்கட்டும். மழைக்குத் தார்பாய். கம்பி தட்டைத் தொடாமல் தூக்கிப்பிடிக்க அதற்கடியில் 20 மி.மீ. கவர் பிளாக், பீமுக்கு 25. ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட் விழுவதற்கு முன் எல்லாக் கம்பியையும் குழாயையும் அறை அறையாகப் படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் அளவுநாடா தெரிகிற மாதிரி. பின்னால் கூரையில் ஆணி அடிக்கும்போது என்னை நினைப்பீர்கள்.

முதல்வீடு:
16ஆம் நாள் தளம் போட்டோம். இடையில் ஆட்கள் கழிவுநீர்த் தொட்டியை முடித்துவிட்டார்கள், சித்தப்பாவுக்குத் தனி நன்றி. அதனால் முன்பணக் கணக்கும் நேராகிவிட்டது. மேஸ்திரி தாளைப் பார்த்துவிட்டு இரண்டு நிமிடம் பேசவில்லை. பிறகு "இப்படியே எல்லாத் தவணைக்கும் எழுதுங்கள், எனக்கும் நல்லது" என்றார்.

எலக்ட்ரீஷியன் வந்ததில் ஒரு ஆச்சரியம். ஃபேன் எங்கே என்று அவர் கேட்டபோது நாங்கள் காட்டிய இடம் கட்டிலுக்கு நேர் மேலே இல்லை, அலமாரிக்கு மேலே. தரையில் சுண்ணாம்பால் கட்டில், மேசை எல்லாம் வரைந்த பிறகுதான் தெரிந்தது. சன்னல் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. அந்த அறைச் சுவருக்கு வெளிர் நிறம் அடித்தால் போதும் என்று பேசியிருக்கிறோம்.

எல்லாம் சரியாக நடக்கவில்லை. மிக்ஸர் நடுவில் 40 நிமிடம் நின்றது. மாற்று மிக்ஸருக்கு முதல் நாளே சொல்லி வைத்திருந்ததால் தப்பினோம். ஒரு ஃபேன் பாக்ஸ் நகர்ந்து கான்கிரீட் உள்ளே போய்விட்டது, கொத்தித்தான் எடுக்க வேண்டும்.

மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டேன். எத்தனை நாள் நிறுத்த வேண்டும்? தளத்தைத் தாங்கும் முட்டு எப்போது எடுக்கலாம்? மேஸ்திரி 8ஆம் நாள் என்கிறார், தட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டுமாம்.

பழைய மேஸ்திரி:
தட்டு அடுத்த இடத்துக்குப் போவது அவர் அவசரம். கான்கிரீட் 7 நாளில் முழு வலுவில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் வந்திருக்கும், முழுக் கணக்கு 28 நாளில். சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் தொடக்கத்தில் இன்னும் மெதுவாகத்தான் ஏறும். தண்ணீர் 10 நாளுக்குக் குறையாமல் நிற்கட்டும், 14 என்றால் இன்னும் நல்லது. முட்டுகளை 14 நாளுக்கு முன் தொடவிடாதீர்கள். 6 மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள பீம் இருந்தால் அதற்கடியில் 21 நாள். எதற்கும் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே பிரியுங்கள். அதுவரை தளத்தின் மேல் செங்கல் ஏற்றி அடுக்கவும் வேண்டாம்.

மாடிக்காகத் தூண் கம்பி நீட்டி விட்டிருப்பீர்களே, அதைத் துருப்பிடிக்க விடாதீர்கள். சிமெண்ட் பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டால் மூடிவிடுங்கள். மாடி கட்டும்போது உடைத்துக்கொள்ளலாம்.

சித்தப்பா:
முட்டு நிற்கிற அந்த 14 நாளில் உள்ளே பூச்சு வேலை ஓடாது. அதனால் சன்னல் சட்டத்துக்கும் கதவுக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள், செய்து வர வாரக்கணக்கில் ஆகும். அளவை வரைபடத்திலிருந்து கொடுக்காதீர்கள். ஒவ்வொரு திறப்பையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவைக் கொடுங்கள். மூலைக்கு மூலையும் நாடா பிடியுங்கள், கோணல் இருந்தால் தெரிந்துவிடும்.

முதல்வீடு:
இப்போதுதான் அளந்து முடித்தேன். 7 திறப்பில் 2 கோணல், ஒன்றில் 14 மி.மீ. வித்தியாசம். மேஸ்திரியைக் காலையில் கூட்டிப்போய்க் காட்டப் போகிறேன், தாளோடு.