உள்ளூர்ப் பயறும் சிவப்புச் சீனியும் மட்டக்களப்பில எங்க எடுக்கலாம்?

வணக்கம் உறவுகளே. வீட்டுச் சமையலுக்கு இனி இலங்கையில விளைஞ்ச சாமான்தான் எண்டு முடிவெடுத்திருக்கம். அரிசியும் தயிரும் பிரச்சினையில்ல, படுவான்கரையில இருந்தே வருது. கஷ்டம் பருப்பும் சீனியும்தான். மைசூர்ப் பருப்பை விட்டுட்டுப் பயறு, கௌப்பி சமைக்கிறம். ஆனா கடைப் பயறு உள்ளூரா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பக்கற்றில பொதி செய்த இடம் பெரிசா இருக்கு, விளைஞ்ச நாட்டைக் காணல்ல. பார்கோட் 479ல தொடங்கினா அது கம்பனி இஞ்ச பதிஞ்சதுக்குத்தான் அடையாளம், சாமான் இஞ்ச விளைஞ்சதுக்கில்ல.

அம்பாறைப் பக்கம் ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலையில செய்யிற சிவப்புச் சீனி டவுனுக்குள்ள, இல்லாட்டி களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் சில்லறையா எங்க கிடைக்கும்? விவசாயிகளிட்ட நேரா பயறு, உளுந்து வாங்குற ஆக்கள் இருந்தா தயவுசெய்து சொல்லுங்க. அக்கம்பக்கத்து வீடுகள் சேந்து மூட்டையாவே எடுப்பம்.