பர்ன்-இன் சோதனைக்கு ‘சூட்டுக்களைவு’

> புடமிடல் என்றே வைத்துவிடலாமே. புடம் போட்ட பொன் என்பது எல்லோரும் அறிந்த வழக்குதானே.

நண்பர்களுக்கு வணக்கம்.

புதிய சில்லுகளை (சிப்) விற்பதற்கு முன் சூடான அடுப்பில் இயக்கிப் பார்க்கும் பர்ன்-இன் (burn-in) சோதனைக்குத் தமிழ்ச்சொல் தேடும்போது, நண்பர் ஒருவர் மேலே உள்ளபடி ‘புடமிடல்’ என்று முன்மொழிந்தார். அது அழகான சொல், எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே பொருந்தாது. புடத்தில் வைத்த பொன் மாசு நீங்கி, முன்னைவிட மேலானதாக வெளியே வருகிறது. பர்ன்-இன் அடுப்புக்குள் போகும் சில்லு எந்த வகையிலும் மேம்படுவதில்லை. உண்மையில் அதன் ஆயுளில் ஒரு பகுதி அங்கேயே செலவாகிவிடுகிறது.

மின்னணு உறுப்புகளின் பழுது விகிதம் தொடக்கத்தில் அதிகமாக இருந்து, பிறகு தாழ்ந்து நிலைத்து, தேய்மானக் காலத்தில் மீண்டும் ஏறும். தொடக்கப் பழுதுக்குக் காரணம் உற்பத்தியில் ஒளிந்துகொண்ட குறைகள்: காப்பு ஆக்சைடு படலம் ஓரிடத்தில் மெலிந்திருக்கலாம், இணைப்புக் கம்பி சரியாகப் பற்றாமல் இருக்கலாம். சாதாரண மின்சோதனையில் இவை தேறிவிடும். சில மாதங்கள் கழித்து வாங்கியவர் கையில்தான் சாகும். அந்தச் சாவைத் தொழிற்சாலைக்குள்ளேயே வரவழைப்பதுதான் பர்ன்-இன். அமெரிக்க இராணுவத் தரநிலையான மில்-எஸ்டிடி-883, பி வகுப்புச் சில்லுகளை 125 டிகிரி செல்சியஸில் மின்னோட்டத்தோடு 160 மணி நேரம் வைக்கச் சொல்கிறது. சூடு ஏற ஏற மாற்றங்கள் எவ்வளவு விரைவாகின்றன என்று கணிக்கும் ஆரீனியஸ் சமன்பாட்டில், கிளர்வாற்றலை (மாற்றம் நிகழத் தேவையான ஆற்றலை) 0.7 எலக்ட்ரான்வோல்ட் என்று கொண்டால், 55 டிகிரியில் இயங்குவதைவிட ஏறத்தாழ 78 மடங்கு வேகத்தில் சில்லு முதுமை அடைகிறது. ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஓடிவிடுகிறது!

ஆகவே சொல்லில் இரண்டு செய்திகள் இருந்தாக வேண்டும்: சூடு, நலிந்ததைக் களைதல். ‘எரிசோதனை’ முதலாவதை மட்டும் சொல்கிறது, அதுவும் தவறாக. தீப்பற்றும் தன்மையைச் சோதிப்பது என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘முதிர்வுச் சோதனை’ என்றால், 1000 மணி நேரம் ஓட்டி ஆயுளை மதிப்பிடும் சோதனையோடு குழம்பும். அங்கே மாதிரிக்குச் சில உறுப்புகளை மட்டும் எடுப்பார்கள். இங்கே விற்பனைக்குப் போகும் சில்லுகளே அடுப்புக்குள் போகின்றன. ‘வாட்டுச் சோதனை’ எனக்கு மிக நெருக்கமாகப் பட்டது. நெருப்பில் காட்டுவது, வருத்துவது என்ற இரண்டு பொருளும் அதில் உண்டு. ஆனால் மின்னணுவியல் நூலில் ‘வாட்டு’ என்றாலே திறனின் அலகு நினைவுக்கு வந்துவிடும். மனமில்லாமல் விடுகிறேன்.

என் பரிந்துரை சூட்டுக்களைவு. களைவு அடுப்பு, களைவுப் பலகை, களைவு நேரம் என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. ‘சூட்டுக்களைவில் தேறிய சில்லு’ என்று எழுதிப் பாருங்கள். தொழிற்சாலைக் குறிப்பேட்டிலும் இயல்பாக நிற்கும்.

ஓஎல்இடி திரையில் பழைய படம் நிலையாகப் பதிந்துபோவதையும் ஆங்கிலத்தில் பர்ன்-இன் என்றே சொல்கிறார்கள். அது சோதனை அல்ல, சேதம். அதற்குத் ‘திரைத்தழும்பு’ என்று தனியாக வைத்துக்கொள்வோம்.

புடமிடலை முன்மொழிந்தவர் மறுப்பு இருந்தால் எழுத வேண்டும். குறிப்பாக, ‘களைவு’ என்பது முழு நீக்கத்தைக் குறிப்பதாகத் தோன்றுமா என்பதில் அவர் கருத்தை அறிய விரும்புகிறேன். நலிந்த சில்லுகள் ஒன்றுவிடாமல் இந்தச் சோதனையில் சிக்கிவிடுவதில்லை.