கலைச்சொல் வேண்டும்: மரபு விதைக்கும் மரபணு விதைக்கும் நடுவே

திருவாரூர் உயிரியல் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்களுக்காக நாங்கள் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சிறு கையேடு எழுதுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். எழுத வேண்டும் என்று தோன்றியதே ஒரு விடைத்தாளைத் திருத்தும்போதுதான். ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: "மரபு விதை என்பது மரபணு மாற்றப்பட்ட விதை. இதனால் நாட்டு விதைகள் அழியும்."

அவன் அப்பா மாப்பிள்ளைச் சம்பா போடுகிறவர். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் பாரம்பரிய நெல்லுக்கு 'மரபு நெல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தே வளர்ந்த பையன். பாடத்தில் 'மரபு', 'மரபணு', 'மரபியல்', 'மரபுப் பொறியியல்' எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. குழம்பிவிட்டான். சிவப்பு மையில் அடித்தேன், ஆனால் அது முழுக்க அவன் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு இரண்டு வேண்டும். ஒன்று, மனிதன் நல்ல செடியையோ நல்ல மாட்டையோ பொறுக்கி எடுத்து, அதன் வழியே அடுத்தடுத்த தலைமுறையை உண்டாக்கும் அந்தப் பழைய வேலைக்கு ஒரு சொல். 'பயிர்ப்பெருக்கம்' என்கிறது பாடநூல். அது மாட்டுக்குப் பொருந்தாது, 'பொறுக்கி எடுப்பது' என்ற பொருளும் அதில் இல்லை. இரண்டாவது, வேறோர் உயிரின் மரபணுவை உள்ளே வைக்கும் புதிய வேலை இதிலிருந்து வேறு என்று சொல்லிலேயே தெரிய வேண்டும்.

'தேர்வுக் கலப்பு' என்று ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். சரியா?

கோவை, ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:

டீச்சர், 'கலப்பு' வேண்டாம். பொறுக்கி எடுப்பதற்குக் கலப்பு எப்போதும் தேவைப்படுவதில்லை. ஜி.ஈ.பி. 24 நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1921-இல் இங்கே கோவை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. கொனாமணி என்ற ரகத்துக்குள் தானாகவே மாறி நின்ற செடியைக் கண்டுபிடித்துப் பிரித்தெடுத்தார்கள். யாரும் எதோடும் கலக்கவில்லை. மெல்லிய அரிசி. கிச்சிலிச் சம்பா என்று சனங்கள் சொல்வது அதைத்தான்.

கலப்பு என்பது வேறு வேலை. வேலையில் சேர்ந்த புதிதில் நான் நெல்லில் செய்திருக்கிறேன். விடியற்காலையில், பூ விரியும் முன்னே, ஒவ்வொரு நெற்பூவின் நுனியையும் சின்னக் கத்தரியால் சாய்வாக வெட்டி, உள்ளே இருக்கிற ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் பூ தன்னைத்தானே சூல் கொள்ளும், வேலை வீண். கதிருக்கு வெண்ணெய்த்தாள் பை மாட்டி, ஆண் ரகம் பூக்கிற நேரத்தில் அந்தக் கதிரைக் கொண்டுவந்து மேலே உதற வேண்டும். கழுத்து விட்டுப்போகும். நூறு பூவில் இருபது முப்பது மணி பிடித்தாலே சந்தோஷம். அப்புறம் ஐந்தாறு தலைமுறைக்கு விதைத்து விதைத்துப் பொறுக்க வேண்டும். காலம் முழுவதும் அந்தப் பொறுக்கலில்தான் போகும், கலப்பு ஒரு வாரத்து வேலை. சொல்லில் நிற்க வேண்டியது பொறுக்கல்தான்.

இன்னொன்று. உங்கள் ஊரில் 'தேர்வு' என்றால் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வுதானே ஞாபகம் வரும்?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மா, சொல்லைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. 'பொலி' என்று ஒரு வேர் இருக்கிறது. பொலிகாளை என்கிறோம், பொலிகடா என்கிறோம். இனத்துக்கென்று பொறுக்கி நிறுத்திய ஆண் விலங்கு அது. மாட்டுக்கு ஆயிற்று. பயிருக்கு? களத்தில் தூற்றாமல் குவித்த நெல்லுக்கும் பொலி என்றே பெயர். பொலி தூற்றுதல் என்றால் பதரைப் போக்கி மணியைப் பிரிப்பது. பொறுக்கலும் அதிலேயே இருக்கிறது! ஐங்குறுநூற்றின் முதல் பாட்டு 'நெல் பல பொலிக' என்று வாழ்த்துகிறது. பெருகுக என்று பொருள். மாடு, நெல், பெருக்கம், பிரித்தெடுத்தல் நான்கும் ஒரே வேரில் கிடைக்கும்போது வேறென்ன வேண்டும்? 'பொலியாக்கம்' என்று வையுங்கள். துறைக்குப் 'பொலியியல்'.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, வேர் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் இன்றைய வாசகனுக்குப் பொலி என்றால் முதலில் 'முகப்பொலிவு'தான். செய்தித்தாள்களில் 'பொலிவுறு நகரம்' வந்து ஊன்றிவிட்டது. 'நெல் பொலியாக்கம்' என்று தலைப்பு வைத்தால் அரிசியைத் தீட்டி மெருகேற்றுவது என்று நினைப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் களத்து மேட்டில் நின்று பொலி தூற்றிப் பார்த்திருப்பானா? இப்போது அறுவடை இயந்திரத்திலிருந்து நெல் நேரே மூட்டைக்குப் போகிறது.

'இன மேம்பாடு' என்று சிலர் எழுதுகிறார்கள். அதையும் தவிர்க்கச் சொல்வேன். மனிதர்களைத் தரம் பிரித்த பழைய கொள்கையின் வாடை அந்தச் சொல்லில் இன்னும் இருக்கிறது.

மதுரைப் பேராசிரியர்:

களத்தைப் பார்க்காதவனுக்குச் சொல்லாவது களத்தைக் காட்டட்டுமே! வழக்கிழந்த சொல்லுக்குப் புதுவேலை கொடுத்துத்தானே கலைச்சொல் வளர்ந்தது? 'மரபியல்' எங்கிருந்து வந்தது? தொல்காப்பியத்தின் ஓர் இயல். அதில் இருப்பவை பார்ப்பு, பறழ், குட்டி, கன்று என்று இளமைப் பெயர்களும் ஆண்பெயர் பெண்பெயர்களும். இன்று உயிரியல் நூலில் அதே சொல் வேறு வேலை பார்க்கிறது, யாரும் குழம்பவில்லை.

திருவாரூர் ஆசிரியை:

ஐயா, மன்னிக்க வேண்டும். குழம்பியவனின் விடைத்தாள் என் மேசையில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணம், உயிரியல் ஆசிரியர்:

எல்லாருக்கும் வணக்கம். இஞ்சை நாங்கள் 'இனவிருத்தி' எண்டுதான் படிப்பிக்கிறம். 'தாவர இனவிருத்தி', 'விலங்கு இனவிருத்தி' இரண்டுக்கும் ஒரே சொல் கிடைக்குது. பொறுக்கி எடுக்கிறதைக் காட்ட 'தெரிவு' சேர்த்தால் 'தெரிவு இனவிருத்தி'. தேர்தலிலை ஆளைத் தெரிவு செய்யிறது முதல் சந்தையிலை கத்தரிக்காய் தெரிவு செய்யிறது வரை எங்கள் பேச்சிலை அந்தச் சொல் உயிரோடை இருக்கு. பிள்ளையளுக்கு உடனை விளங்கும்.

உங்கள் 'மரபியல்' குழப்பமும் எங்களுக்கு இல்லை. எங்களுக்கு அது 'பிறப்புரிமையியல்'. மரபணு திடீரெண்டு மாறுற சடுதி மாற்றத்தை 'விகாரம்' எண்டு சொல்லுவம்.

மதுரைப் பேராசிரியர்:

விகாரமா? இதை விட்டுவிட மனமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்னூலில் புணர்ச்சி விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்தால் பூங்கொடி, இடையில் ஓர் எழுத்துத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், எழுத்துத் திரிகிறது. மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர், எழுத்துக் கெடுகிறது. என் பேத்தி நேற்று மரபணுப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தாள். டி.என்.ஏ. எழுத்துச் சரத்தில் ஓர் எழுத்து நுழைவது, ஒன்று வேறாக மாறுவது, ஒன்று விடுபடுவது என்று மூன்று வகைப் பிழையாம். அப்படியே நன்னூல்! யாழ்ப்பாணத்தார் விகாரம் என்று வைத்தது எவ்வளவு பொருத்தம். தொல்காப்பிய மரபியலிலும் 'மரபுநிலை திரியின் பிறிதுபிறி தாகும்' என்று இருக்கிறது. அது சொல்மரபைச் சொன்னது என்பது தெரியும். ஆனாலும் படிக்கும்போது நெஞ்சு நின்றுவிட்டது.

ஆசிரியை கேட்ட இரண்டாவது கேள்விக்கும் இதில் விடை உண்டு. வேற்றுயிரின் மரபணுவை உள்ளே வைப்பது தோன்றல். இருப்பதைச் செயலிழக்கச் செய்வது கெடுதல்.

கோவை வேளாண் அலுவலர்:

ஐயா, அசத்திவிட்டீர்கள். பொருத்திப் பார்த்தேன், பொருந்துகிறது. 2002-இல் நம் நாட்டில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு நுழைந்திருக்கிறது. காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே செய்துகொள்கிறது. தோன்றல்.

2025 மே மாதம் அறிவித்தார்களே, 'கமலா' என்ற நெல். ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்தது. அதில் வெளி மரபணு எதுவும் உள்ளே இல்லை. சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அந்த நொதிக்கான மரபணுவைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் வெட்டி முடக்கிவிட்டார்கள். ஹார்மோன் மிஞ்சுகிறது, கதிரில் மணி கூடுகிறது. ஐயா கணக்கில் கெடுதல்.

இன்னொரு விஷயம். கமலாவுக்குத் தாய் ரகம் சம்பா மசூரி, பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204. நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று மூட்டை மூட்டையாக வாங்குகிறோமே, அது. அதன் பெற்றோரில் ஒன்று நான் முதலில் சொன்ன ஜி.ஈ.பி. 24! ஒரே வம்சத்தில் பொறுக்கல், கலப்பு, வெட்டித் திருத்தல் மூன்றும் வரிசையாக வருகின்றன. டீச்சர், கையேட்டில் இந்த ஒரு குடும்ப மரத்தைப் போட்டால் போதும்.

திருவாரூர் ஆசிரியை:

சார், இதைக் கட்டாயம் போடுகிறேன். படம் வரையச் சொல்லிவிட்டேன்.

ஆனால் 'கெடுதல்' என்று வகுப்பில் சொல்ல எனக்குத் துணிவில்லை. 'கமலா நெல்லில் கெடுதல் நிகழ்ந்துள்ளது' என்று பலகையில் எழுதினால், மணி அடிப்பதற்குள் பள்ளி முழுவதும் அந்த அரிசி விஷம் என்று பரவிவிடும். நல்லதா கெட்டதா என்று விவாதிக்க வேண்டியதுதான், அதற்குத் தனிப் பாடவேளையே வைத்திருக்கிறேன். 2010-இல் பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்ததையும் அதில் பேசுவோம். ஆனால் தீர்ப்பைச் சொல்லே சொல்லிவிடக் கூடாது.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

யாழ்ப்பாணத்து 'தெரிவு' எனக்குப் பிடித்திருக்கிறது. 'விருத்தி' என்ற வடசொல்லை விட்டுவிட்டு, பாடநூலின் 'பெருக்க'த்தை வைத்துக்கொண்டால் 'தெரிபெருக்கம்'. ஐயாவுக்கும் வினைத்தொகை கிடைக்கிறது. வெளி மரபணு நுழைந்ததை 'அயல்மரபணுப் பயிர்' என்று சொல்லிவிடலாம். மரபு நெல்லோடு குழம்பாது.

யாழ்ப்பாண ஆசிரியர்:

'விருத்தி'யை வடமொழி எண்டு தள்ளினால் நாளைக்கு எத்தனை சொல்லைத் தள்ளுறது? கனகாலமா வேரூன்றின சொல்லுகள் எங்கடை. நீங்கள் ஒண்டு, நாங்கள் ஒண்டு எண்டு பிரிஞ்சு போனால் இரண்டு கரையிலையும் படிக்கிற பிள்ளை ஒருவற்றை புத்தகத்தை மற்றவர் வாசிக்கேலாது. உயிரணுவுக்கு நாங்கள் கலம், நீங்கள் செல் எண்டு ஏற்கெனவே பிரிஞ்சு நிக்கிறம். 'தெரிவு' எடுத்ததுக்கு நன்றி. பாதி வழி வந்திருக்கிறியள்.

மதுரைப் பேராசிரியர்:

தெரிபெருக்கம் இலக்கணத்துக்குப் பிழையில்லை. குறளில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' இரண்டு அதிகாரத் தலைப்பிலும் தெரிதல் என்றால் ஆராய்ந்து எடுத்தல்தான். ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் 'தெரியும்' என்றால் அறிவதும் கண்ணுக்குப் படுவதுமே. பொலியைப் புரியாது என்று தள்ளிவிட்டு இதை எப்படிப் புரியும் என்கிறீர்கள்?

கோவை வேளாண் அலுவலர்:

நம் இடத்துக் கதை ஒன்று சொல்லிவிடுகிறேன். கோவை கரும்பு நிலையம் 1912-இல் தொடங்கியது. அங்கே 'வெள்ளை' என்ற தடித்த கரும்பையும், வாய்க்கால் ஓரத்தில் நாணல்போல் நிற்கும் பேய்க்கரும்பையும் சேர்த்தார்கள். 1918-இல் கோ 205 வந்தது. இனிப்பு வெள்ளையிடமிருந்து, வறட்சியும் குளிரும் தாங்கும் வலு பேய்க்கரும்பிடமிருந்து. பஞ்சாப் வரை போனது. சாப்பிட உதவாத புல்லைக் கூட்டிவர வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அந்தத் 'தெரிதலை'ச் சொல்லில் கொண்டுவந்தால் எனக்குப் போதும். நான் தெரிபெருக்கத்துக்கு.

மதுரைப் பேராசிரியர்:

பட்டினத்தார் கையில் இருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்று கதை. கோவையில் இனிக்க வைத்தவர்கள் உங்கள் ஆட்கள்.

என் வாக்கு பொலியாக்கத்துக்கே. பதிவில் இருக்கட்டும்.

திருவாரூர் ஆசிரியை:

நாளை அச்சு. இதுவரை எழுதியவர்களிலும் எனக்குத் தனியாக எழுதியவர்களிலும் தெரிபெருக்கத்துக்கு ஆறு பேர், இனவிருத்திக்கு இரண்டு, பொலியாக்கத்துக்கு ஐயா ஒருவர். தலைப்பில் 'தெரிபெருக்கம்' போடுகிறேன். கீழேயே 'நல்லதைத் தெரிந்தெடுத்துப் பெருக்குவது. இலங்கையில் இனவிருத்தி' என்று ஒரு வரி வரும். பொதுத்தேர்வில் பாடநூல் சொல்லைத்தான் எழுத வேண்டும் என்பதால் பயிர்ப்பெருக்கமும் மரபுப் பொறியியலும் தடித்த எழுத்தில் இருக்கும். 'அயல்மரபணுப் பயிர்' தனித் தலைப்பு. அப்பாமார்கள் போடும் நெல்லுக்கு எல்லா இடத்திலும் 'பாரம்பரிய நெல்'. அது தூய தமிழ் இல்லை என்று ஐயா சொல்வார். ஆனால் எங்கள் ஊர் விதைப் பைகளில் அந்தச் சொல்லும் இருக்கிறது, அது யாரையும் மரபணுவிடம் கொண்டுபோய் விடுவதில்லை. தோன்றல் திரிதல் கெடுதலைப் பெட்டிச் செய்தியாகத் தமிழாசிரியரோடு சேர்ந்து எழுதியிருக்கிறேன். 'கெடுதல் என்றால் இங்கே மறைதல்' என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டோம்.

இன்று திருத்தப்படியை வகுப்பில் படிக்கக் கொடுத்தேன். அந்தப் பையன் குடும்ப மரத்தில் வெகுநேரம் விரலை வைத்திருந்தான். "டீச்சர், கிச்சிலிச் சம்பா எங்க வீட்டுலயும் இருக்கு. பாரம்பரிய நெல்லுன்னுதான் அப்பா சொல்லுவாரு. இதுல ஆராய்ச்சி நிலையம்னு போட்டிருக்கே, அப்போ அது எந்தத் தலைப்புல வரும்?" என்றான்.

கோவை சார், பதினைந்தாம் பக்கத்தில் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. காலை பத்து மணிக்குள் எழுதி அனுப்ப முடியுமா?