செங்டு நகருக்குப் புதிதாகச் செல்பவர் எதை உண்பது, ஊரை எப்படி அறிவது?

சத்தியவேடு வாசகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்ரீசிட்டியில் உள்ள மின்னணுப் பொருள் ஆலை ஒன்றில் பணிபுரிகிறேன். சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டுவுக்கு அடுத்த மாதம் என்னைப் பயிற்சிக்காக அனுப்புகிறார்கள். அரையாண்டு அங்கே தங்க வேண்டியிருக்கும். கோழி, மீன், முட்டை உண்பேன். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் எங்கள் வீட்டில் புழக்கம் இல்லை. குண்டூர் மிளகாய்க்குப் பழகிய நாக்கு என்பதால் காரத்துக்கு அஞ்சவில்லை. ஆனால் கடையில் எதைக் கேட்பது, எதைத் தவிர்ப்பது என்பது விளங்கவில்லை. ஆலைக்கும் விடுதிக்கும் இடையே மட்டும் நடமாடிவிட்டு ஊரைப் பார்க்காமலேயே திரும்பிவிடவும் விருப்பமில்லை. அங்கே இருந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நகரி நெசவாளர் மகன்:

தம்பி, காரத்துக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை என்பது உண்மைதான். அந்த ஊரார் பெரிதும் பயன்படுத்தும் நீண்ட சிவப்பு மிளகாய் மணத்துக்கும் நிறத்துக்கும் பேர்போனதே தவிர, நம் பக்கத்து மிளகாய் அளவுக்குச் சுட்டெரிப்பதில்லை. புதியவரைத் தடுமாற வைப்பது ஹுவாஜியாவ் என்னும் சிச்சுவான் மிளகுதான். மிளகாய் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சீனாவை எட்டியது. இந்த மிளகோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்கள் சமையலில் இருக்கிறது. வாய் பிளந்த சிறு சிவந்த விதையுறையாக இருக்கும். ஒன்றைக் கடித்தால் உதடு விறுவிறுக்கும், நாக்கு மரத்துப்போகும், அதன்மேல் குடிக்கும் தண்ணீர்கூட வேறு சுவையாகத் தெரியும். பிடிக்கவில்லையென்றால் உண்ணும் குச்சியால் ஒதுக்கி வைத்துவிடலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது காரத்தையல்ல, கொழுப்பை. செங்டுவுக்கு வருகிறவர்களை முதலில் அழைத்துச் செல்வது ஹாட்பாட் கடைக்குத்தான். மேசை நடுவில் கொதிக்கும் அந்தச் சிவப்புக் குழம்பின் அடிப்படையே மாட்டுக் கொழுப்பு. மசாலாவோடு உறைந்து கட்டியாக இருப்பதைச் சட்டியில் போட்டு உருக்குவார்கள். அதில் நீங்கள் காளானையும் கீரையையும் மட்டுமே முக்கி எடுத்தாலும் கொழுப்பு ஒட்டிக்கொண்டுதான் வரும். ஆகவே தாவர எண்ணெயில் செய்த 'சிங்யோ' குழம்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரு பிரிவாகத் தடுத்த சட்டியை வாங்கி, ஒரு பக்கம் தக்காளிச் சாறு ஊற்றச் சொல்லுங்கள். செங்டுவிலேயே பிறந்த மாப்போ டோஃபு என்னும் காரமான சோயா கட்டிக் குழம்பில் மரபாகச் சேர்ப்பது கொத்திய மாட்டிறைச்சி. தண்தண் நூடுல்ஸின் மேல் தூவுவது பன்றியிறைச்சி. சாதாரணக் கீரை வதக்கலைக்கூடச் சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் செய்வார்கள். முஸ்லிம்கள் நடத்தும் லான்ஜோ நூடுல்ஸ் கடையில் பன்றி இல்லை என்பதை நம்பி நம்மவர்கள் பலர் நுழைகிறார்கள். அங்கே சாறு மாட்டெலும்பில் காய்ச்சியது.

இத்தனைக்குப் பிறகும் உண்ண நிறையவே இருக்கிறது. வேர்க்கடலையும் காய்ந்த மிளகாயும் சேர்த்த குங்பாவ் கோழி, தக்காளி முட்டை வதக்கல், இறைச்சி சேர்க்காமல் கேட்டு வாங்கும் பூண்டு மணக்கும் கத்தரிக்காய், மிளகாய் எண்ணெயில் புரட்டிய லியாங்ஃபென் என்னும் குளிர்ந்த மாவுக்கட்டித் துண்டுகள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். வேண்டாதவற்றின் பெயர்களைச் சீன எழுத்தில் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொண்டு காட்டுவதே மேல். நம் உச்சரிப்பை நம்பி வயிற்றைப் பணயம் வைக்க வேண்டாம்.

சத்தியவேடு வாசகன்:

மிக்க நன்றி, அண்ணா. கொழுப்பைப் பற்றி இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சமையல் பொருள்களைக் கையோடு எடுத்துச் சென்றால் பயன்படுமா?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

புளி, பெருங்காயம், சாம்பார்ப் பொடி இவற்றைத் தாராளமாகக் கொண்டு செல்லுங்கள். நெய்யையும் பச்சைக் கறிவேப்பிலையையும் பெட்டியில் வைக்காதீர்கள். பால் பொருள்களையும் பசுமையான காய், கனிகளையும் பயணிகள் கொண்டுவருவதற்குச் சீனச் சுங்கத்துறை தடை விதித்திருக்கிறது. பாகற்காய், பீர்க்கங்காய், இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி எல்லாம் அங்கே குடியிருப்புப் பகுதிச் சந்தைகளிலேயே கிடைக்கும்.

ஆனால் நாள்தோறும் சமைத்துக்கொண்டு அறையிலேயே இருந்துவிட்டால் நீங்கள் செங்டுவுக்குப் போனதாகவே ஆகாது. வெளியூரார் கூட்டம் மொய்க்கும் ஜின்லி கடைத்தெருவை ஒரு மாலையில் பார்த்து முடித்துவிடலாம். என் பார்வையில் அது புகைப்படத்துக்கான இடம். ஊர் இருப்பது தேநீர்க் கடைகளில். மக்கள் பூங்காவில் இருக்கும் ஹெமிங் தேநீர்க் கடைக்கு ஒரு ஞாயிறு முற்பகலில் செல்லுங்கள். மூங்கில் நாற்காலியில் அமர்ந்தால் தட்டு, கிண்ணம், மூடி என்று மூன்று உறுப்புகள் கொண்ட பாத்திரத்தில் மல்லிகைத் தேநீர் வரும். பாலும் சர்க்கரையும் கிடையாது. மேலே மிதக்கும் இலைகளை மூடியின் விளிம்பால் ஒதுக்கிக்கொண்டு உறிஞ்ச வேண்டும். மூடியைத் திறந்து வைத்தால் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார்கள், ஆகவே ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு பிற்பகல் வரை இருந்தாலும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். சுற்றிலும் மாஜாங் என்னும் சீன விளையாட்டின் கட்டைகள் உருளும். இரும்புக் கவையைத் தட்டி ஒலியெழுப்பியபடி காது சுத்தம் செய்பவர் வருவார் (அவரிடம் காதைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் துணிச்சலைப் பொறுத்தது). முதியவர்கள் தாமாகவே பேச்சுக் கொடுப்பார்கள். மொழிபெயர்ப்புச் செயலியைக் கையில் வைத்திருங்கள்.

முழுச் சைவமாக உண்ண விரும்பும் நாளில் வென்ஷு என்னும் பௌத்த மடத்துக்குச் செல்லலாம். மடத்தின் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்குள்ள சைவ உணவகத்தில் கொழுப்பைப் பற்றிய விசாரணையே தேவைப்படாது.

குப்பம் ரயிலடி:

மேலே இருவரும் விட்டுவிட்டவற்றை மட்டும் சேர்க்கிறேன். புறப்படுமுன் இங்கேயே பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை இணைத்துவிடுங்கள். தெருவோர வண்டிக்கடையிலும் கியூஆர் கட்டத்தைத்தான் நீட்டுவார்கள். வெளிநாட்டு அட்டையில் 200 யுவானுக்கு மேற்பட்ட செலவுக்குக் கட்டணம் பிடிப்பார்கள். கூகுள் வரைபடத்தை நம்பிப் பயனில்லை.

ஆலையில் விருந்துக்கு அழைப்பார்கள். எல்லாத் தட்டுகளும் பொதுவில் இருக்கும். சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள், இறந்தவருக்கு ஊதுவத்தி ஏற்றுவதை அது நினைவூட்டும். பெரியவரோடு கோப்பையை இடிக்கும்போது உங்கள் கோப்பையின் விளிம்பு அவருடையதைவிடத் தாழ்ந்திருப்பதே மரியாதை. மதுப்பழக்கம் இல்லையென்றால் தேநீர்க் கோப்பையைத் தூக்கலாம், அதற்கும் அங்கே வழக்கம் உண்டு.

விடுமுறை நாளில் துஜியாங்யானுக்குப் போய்வாருங்கள். மின் ஆற்றைக் குறுக்கே அணை கட்டி மறிக்காமல், நடுவில் கரை எழுப்பி இரண்டாகப் பிரித்துப் பாசனத்துக்குத் திருப்பிய பழைய அமைப்பு அது; கி.மு. 256 அளவில் லி பிங் என்னும் ஆளுநர் தொடங்கியது, இன்றும் செங்டு சமவெளிக்கு நீர் தருகிறது. கல்லணையைப் பார்த்தவர்களுக்கு அங்கே நின்று பார்க்க நிறைய இருக்கும். செங்டுவின் சிபு நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் அரை மணி நேரப் பயணம்தான். சீட்டு எடுக்கவும் நிலையத்துக்குள் நுழையவும் கடவுச்சீட்டைக் கேட்பார்கள், அதை விடுதியில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.