பன் நம் பக்கத்தில் தேநீர்க் கடையோடு நின்றுவிட்டது ஏன்?

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்):
நம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பன் இல்லாத கடையைக் காண்பது அரிது. ஆயினும் அது தேநீரில் தோய்த்துத் தின்னும் பண்டமாகவும், காய்ச்சல் கண்டவர்களுக்குப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கும் உணவாகவும் மட்டுமே இருக்கிறது. நம் வீட்டுச் சமையலுக்குள் அது வரவேயில்லை. பிற நாடுகளில் அதே பன் விருந்துக்கும் விழாவுக்கும் உரியதானது எவ்வாறு? ஓவன் இல்லாத வீட்டில், சுசியத்துக்குரிய பூரணத்தை உள்ளே வைத்து இட்லிப் பானையிலேயே பன் செய்ய இயலுமா?

பதில் 1 (அம்பாசமுத்திரத்துக்காரர்):
ஐயா, உள்ளூர் நொதியையும் உள்ளூர்ப் பூரணத்தையும் ஏற்றுக்கொண்ட இடங்களில்தான் பன் வேரூன்றியிருக்கிறது என்பது என் கருத்து. போர்த்துகீசியர் வழியாகக் கோவாவுக்கு ரொட்டி வந்தபோது, அங்குள்ளவர்கள் தென்னங்கள்ளைச் சேர்த்து மாவைப் புளிக்கவைத்தார்கள். அந்த வழியில் வந்த பாவ், இன்று மும்பையில் உருளைக்கிழங்கு வடையோடு சேர்ந்து உழைப்பாளிகளின் பசியாற்றுகிறது. ஜப்பானில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. டோக்கியோவில் கிமுரா யாசுபே என்பவர் 1874-இல், அரிசி மது காய்ச்சப் பயன்படும் நொதியால் மாவைப் புளிக்கவைத்து, அசுகி என்னும் சிவப்புப் பயற்றின் இனிப்புப் பூரணத்தை உள்ளே வைத்து, அன்பான் என்ற பன்னை உருவாக்கினார். மறு ஆண்டு ஏப்ரல் 4 அன்று, உப்பிட்ட செர்ரிப் பூ பதித்த அன்பான் மெய்ஜி பேரரசருக்கே படைக்கப்பட்டது. நீங்கள் நினைக்கும் சுசியப் பன் இதற்கு மிக நெருக்கமானது, செய்து பாருங்கள்.

பதில் 2 (நாசரேத் வாசகி):
விழாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் பெரிய வெள்ளியன்று சிலுவைக் குறியிட்ட பன்னை உண்பார்கள். சுவீடனில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து தொடங்குமுன், ஏலக்காய் மணக்கும் பன்னைக் குடைந்து வாதுமை விழுதும் பாலேடும் நிரப்பிச் செம்லா செய்கிறார்கள். நம் மேற்கு மலைகளில் விளையும் ஏலக்காய் அவ்வளவு தொலைவில் பன்னுக்குள் நிலைபெற்றிருக்க, இங்கே நம் பன்னில் பெரும்பாலும் எசென்ஸ்தான் மணக்கிறது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

பதில் 3 (தென்காசி, பேக்கரித் தொழிலில் உள்ளவர்):
இட்லிப் பானையில் தாராளமாகச் செய்யலாம், அண்ணாச்சி. வட சீனத்தில் ஆவியில் வேகும் பன்தான் அன்றாட உணவு. உள்ளீடு இல்லாததை மாண்டோ என்றும், இறைச்சியோ காய்கறியோ வைத்ததைப் பாவ்ஸு என்றும் சொல்வார்கள். ஆவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாததால் மேற்புறம் சிவக்காமல், வெண்மையாகவும் மெத்தென்றும் இருக்கும். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால், உலர் ஈஸ்டையே பயன்படுத்துங்கள். ஒரு கிலோ மைதாவுக்குச் சுமார் அரை லிட்டர் தண்ணீர் போதும்; மாவு இளகினால் பன் எழும்பாமல் பரந்துவிடும். உடன்குடிக் கருப்பட்டியில் பூரணம் செய்வதானால், பருப்பும் தேங்காயும் பாகோடு சேர்ந்து கெட்டியாகச் சுருண்டு வரும்வரை கிளற வேண்டும், ஏனெனில் ஈரம் மிஞ்சினால் பூரணத்தைச் சுற்றியுள்ள மாவு வேகாமல் களியாக நிற்கும். மூடியில் சேரும் நீர் பன்மேல் சொட்டாதபடி அதன் உட்புறம் துணி கட்டுங்கள். வெந்ததும் அடுப்பை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்துத் திறக்க வேண்டும். உடனே திறந்தால் பன் சுருங்கிவிடும்.